உறுமாத நாய்

மோட்டாரை நிறுத்தியதும்தான் பல்செட்டுக்காரருக்கு அந்த நாற்றம் உறைத்தது. மெழுகும் பிளாஸ்டரும் மணக்கும் அந்த முன்னறைக்குள், மதிய மழையின் ஈரத்தோடு கலந்து, புண் அழுகியது போன்ற ஒரு வாடை கூடத்துப் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. மெருகேற்றிக்கொண்டிருந்த பல்செட்டை மேஜையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சாத்தியதாக அவர் நினைத்திருந்த பின்கதவு ஒரு சாண் அளவு திறந்து கிடந்தது.

நாய் உள்ளே வந்திருக்கிறது.

வரட்டுமே என்றுதான் முதலில் நினைத்தார். தங்கை கடைக்குக் கிளம்பும்போது கேட்டிருந்தாள்.

"அண்ணா, பாப்பா தூங்குறா. நாயைக் கட்டிப் போட்டிருக்கியா?"

"அது வாயில்லாப் பூச்சி. கட்டிப் போடணும்னா உன் புருஷனைக் கட்டிப் போடு."

அவள் மகள் தூங்கும் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒரு காலத்தில் அது உறுமும். கேட்டருகே ஆள் வந்தால் உறுமும், சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமும். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். இவர் அதன் கழுத்தில் ஷாக் கொடுக்கும் பட்டையை மாட்டி, உறுமும்போதெல்லாம் ரிமோட்டை அழுத்தினார். "உறுமுறது எச்சரிக்கை சார். அதை நிறுத்திட்டீங்கன்னா அடுத்தது நேரா கடிதான்" என்று கால்நடை டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே? நாய் அடங்கியது. "எப்படி வளர்த்திருக்கேன் பாத்தீங்களா" என்று தெரு முழுக்கப் பெருமை பீற்றிக்கொண்டார். பேப்பர் போடுகிறவரின் கெண்டைக்காலை அது சத்தமில்லாமல் கிழித்தபோதும், தப்பு அந்த ஆள் மேல்தான் என்று சாதித்தார்.

கூடம் மங்கலாக இருந்தது. ஈரக் காலடிகள் சமையலறையைத் தாண்டி, சோபாவைச் சுற்றிக்கொண்டு, பாப்பா தூங்கும் அறையின் சாத்திய கதவு வரைக்கும் போயிருந்தன. அங்கே அது நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நாற்றம் அதன் இடது காதிலிருந்துதான் வந்தது. மஞ்சளாகச் சீழ் வழிந்து முடியோடு காய்ந்து ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக வலித்ததோ, இவர் கவனிக்கவே இல்லை.

"வாடா செல்லம். வெளிய போலாம்."

வால் ஆடவில்லை. கண் சிமிட்டவில்லை. தான் வளர்த்த நாயைப் பார்க்க அவருக்கு முதன்முதலாகப் பயமாக இருந்தது. ஓடிவிடலாம். ஆனால் கதவுக்குப் பின்னால் குழந்தை. நாலு வயசு. எழுந்தால் நேராக வெளியே வருவாள்.

மெதுவாகக் குனிந்தார். பட்டையைப் பிடித்தார். புறங்கை காதில் உரசியது.

உறுமல் இல்லை. குரைப்பு இல்லை. மணிக்கட்டு எலும்பு நொறுங்கியதுதான் கேட்டது.

அலறினார். அலறல் பாதியில் நின்றது. முகத்தின் மேல் ஈர மூச்சு. சீழ் நாற்றம். பிறகு தொண்டை. பற்கள் இறங்கின. உதறியது. மறுபடியும் உதறியது. ஏதோ பிய்ந்தது. சட்டைக்குள் சூடாக வழிந்தது.

விட்டுவிட்டது.

சோபாவின் காலடியில் மல்லாந்து கிடந்தார். நாய் மறுபடியும் கதவருகே போய் நின்றது. தாடையிலிருந்து சொட்டியது. வெளியே மழை ஓய்ந்திருந்தது.

அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. சின்னக் கால்கள் தரையில் இறங்கின.

"மாமா?"

வராதே. திறக்காதே. வாயைத் திறந்தார். குரல் எழவில்லை. தொண்டை ஓட்டையில் காற்று நுரைத்தது. கையால் தரையை அடிக்கப் பார்த்தார். கை அசையவில்லை.

"மாமா, என்ன சத்தம்?"

நாய் கதவின் பக்கம் திரும்பியது. காதுகள் பின்னால் படிந்தன. உதடு மேலே ஏறி, சிவந்த பற்கள் முழுசாகத் தெரிந்தன. அப்போதும் அதனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.