திராட்சை போடும் நேரம்

பட்டாணிக்கு வீட்டில் ஒரு வேலை உண்டு. கேட்பதுதான் அந்த வேலை.

அவள் அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அழைப்பு மணி அடித்தால், யாராவது கதவைத் தட்டினால், குழாயை மூட மறந்து தண்ணீர் ஓடினால், பட்டாணி ஓடிப்போய் அம்மாவின் தோளைத் தொடுவாள். வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். ஆள்தான் குட்டை, காது படு கூர்மை.

அம்மா ஒரு தையல்காரர். கூடத்து ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த நீளமான மர மேசைதான் அவர் வேலை செய்யும் இடம். அம்மா கைகளால் பேசுவார். பட்டாணிக்கும் அப்பாவுக்கும் அந்தப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. அதனால் அம்மா கையால் சொன்னதையெல்லாம் மற்றவர்கள் வாயால் சொன்னது போலவே இங்கே எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்குத் திராட்சை பிரெட் என்றால் உயிர். ஆனால் தெருமுனைக் கடை பிரெட்டில் ஒரு துண்டில் திராட்சை இருந்தால் அடுத்த இரண்டில் இருக்காது. ஒருநாள் அம்மா ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு, பிரெட் மெஷின் வாங்கப்போவதாக அறிவித்தார். அப்பா பஸ் ஓட்டுபவர். அம்மா ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு பிரேக் கிடையாது என்று அவருக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை அம்மாவும் பட்டாணியும் கடைக்குப் போனார்கள். கடைக்கார இளைஞர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் எல்லாவற்றையும் பட்டாணியிடமே சொன்னார். அம்மாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அம்மாவின் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

பட்டாணிக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணா, வாங்கப்போறது அம்மாதான். அவங்களைப் பாத்து சொல்லுங்க. உங்க வாய் அசையறதை வச்சே புரிஞ்சுப்பாங்க" என்றாள்.

இளைஞருக்கு வெட்கமாகிவிட்டது. அம்மாவைப் பார்த்துத் திரும்பி, கடையே அதிரும்படி மறுபடியும் ஆரம்பித்தார். கத்த வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும் என்று பட்டாணி அவர் காதருகே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மூன்று மெஷின்களைக் காட்டினார். முதலாவது, ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடுமாம். அம்மா சிரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போனார். இரண்டாவது, திராட்சையைத் தானே மாவில் போட்டுக்கொள்ளும். அம்மா அதன் சின்னத் திராட்சைப் பெட்டியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். ஒரு பிடி திராட்சைகூடக் கொள்ளாது. கடை பிரெட் கதைதான் என்று மூடிவிட்டார். மூன்றாவதன் மூடியில் கண்ணாடி இருந்தது. உள்ளே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். அம்மா அதையே தேர்ந்தெடுத்தார். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் இளைஞர்.

அந்த மெஷினில் ஒரே ஒரு சிக்கல்தான். திராட்சையை முதலிலேயே போடக்கூடாது. மாவு நன்றாகப் பிசைந்து வரும்போது மெஷின் 'பீப் பீப்' என்று கூப்பிடும். அப்போதுதான் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் முதல் பிரெட் தயாரானது. பாத்திரத்தின் அடியில் மாவு பிசையும் துடுப்பை மாட்டினார்கள். தண்ணீர், மாவு, உப்பு, சர்க்கரை எல்லாம் போட்டு, மாவின் நடுவே குழி பறித்து ஈஸ்ட்டைப் போட்டார்கள். பட்டாணி பக்கத்திலேயே காவல் நின்றாள். பீப் சத்தம் வந்ததும் ஓடிப்போய் அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா திராட்சையைக் கொட்டினார். பிரெட் பொன்னிறத்தில் உப்பி வந்தது. அப்பா பாதியைத் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அம்மா மட்டும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லா இருக்கு. ஆனா இது உன் காது செஞ்ச பிரெட். நான் செஞ்சது இல்ல."

மறுநாள் பட்டாணி பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா தனியாகச் செய்துபார்த்தார். கூப்பிடும்வரை காத்திருப்பானேன் என்று திராட்சையை முதலிலேயே போட்டுவிட்டார். துடுப்பு அதைக் கூழாக்கிவிட்டது. வந்தது, காப்பி நிறத்தில் ஒரு கட்டி.

செவ்வாய்க்கிழமை அம்மா செல்போனில் அலாரம் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது நேரத்துக்கு அதிர்ந்தது. ஆனால் மெஷின் பிசைவதற்கு முன் மாவைக் கொஞ்ச நேரம் சூடாக்கும். அன்று வெயில் அதிகம், மாவு சீக்கிரம் சூடாகிவிட்டது. அம்மா போய்ப் பார்த்தபோது பிசையும் வேலை முடிந்திருந்தது. போட்ட திராட்சையெல்லாம் மேலேயே உட்கார்ந்து கருகிப்போனது. பட்டன் வைத்துத் தைத்த பிரெட் இதுதான் என்று சொல்லிக்கொண்டே அப்பா அதையும் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். வாரம் முடிவதற்குள் கடைக்குப் போய், தானே திராட்சை போடும் மெஷினை வாங்கிக்கொள்ளலாமே என்றார்.

அம்மாவின் கைகள் உறுதியாகப் பேசின. "மெஷின் மேல தப்பில்ல. என் மேலயும் தப்பில்ல. நாங்க ரெண்டு பேரும் இன்னும் பழகல, அவ்வளவுதான்."

அப்படியானால் நாளைக்குத் தனக்கு வயிற்றுவலி வரும், வீட்டிலேயே இருந்து பீப் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பட்டாணி. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். வயிற்றுவலி வராது என்று பட்டாணிக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அவளும் விடுவதாக இல்லை. புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் ஒரு பக்கம் ஓட, அவள் மனதில் பிரெட் மெஷின் ஒரு பக்கம் ஓடியது. விளக்கு எரிய வைக்கலாமா? கொடி ஏதாவது கட்டலாமா? ஒன்றும் சரியாக வரவில்லை.

மாலையில் அவள் தையல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அம்மா ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. திடீரென்று அம்மா அதை நிறுத்தி, அடியில் இருந்த மூடியைத் திறந்து, சிக்கியிருந்த நூலை உருவி எடுத்தார். நூல் சிக்கியது மேலே தெரியவே இல்லை. மெஷின் சத்தத்திலும் பட்டாணிக்கு வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

அம்மா உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். "இது சொல்லிச்சு."

பட்டாணி பென்சிலைக் கீழே போட்டாள். தானும் மேசையில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்கு ஓடினாள். பிரெட் மெஷினைத் தூக்க முடியாமல் அப்பாவைக் கூப்பிட்டாள்.

மேசையின் மறு ஓரத்தில், துணிகளுக்கு எட்டாத தூரத்தில், பிரெட் மெஷினை வைத்தார்கள். ஆடாமல் இருக்கட்டும் என்று அப்பா அதன் அடியில் தடிமனான ஒரு துணியை மடித்துப் போட்டார். மாவைப் போட்டு மெஷினை ஓடவிட்டார்கள். அது பிசையத் தொடங்கிய பிறகும், அம்மா மேசையில் கையை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒன்றுமே தெரியவில்லை.

பட்டாணி குனிந்து துணியை உருவினாள். "அப்பா, அது ஆடட்டும். ஆடினாதான் அம்மாவுக்குத் தெரியும்."

அம்மாவின் முகம் மாறியது. அவர் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் பரப்பி வைத்தார்.

பட்டாணி தன் காதுகளில் பஞ்சை அடைத்து, அதற்குமேல் அப்பாவின் குளிர்க்குல்லாவையும் மாட்டிக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரிவது தனக்கும் தெரிய வேண்டும் அவளுக்கு. கையை மேசையில் வைத்தாள். முதலில் ஒரு குலுக்கல், ஒரு நிறுத்தம், மறுபடியும் ஒரு குலுக்கல். பிறகு இடைவிடாமல் ஒரு நடுக்கம், உள்ளங்கையில் கூச்சம் காட்டியது. வெகுநேரம் அப்படியே போனது. பட்டாணிக்கு அலுப்பாக இருந்தது. அம்மா அசையவே இல்லை.

அப்புறம் நடுக்கம் மாறியது. மாவு உருண்டையாகத் திரண்டு பாத்திரத்தின் பக்கங்களில் மோதத் தொடங்கியிருந்தது. தொப், தொப் என்று, பந்து ஒன்று சுவரில் மெதுவாகப் படுவது போல இருந்தது. முதலில் கனமாக விழுந்தது. போகப்போக மென்மையானது.

அம்மா ஒரு விரலை உயர்த்தினார். "இப்போ."

பட்டாணி குல்லாவைக் கழற்றிப் பஞ்சை எடுத்தாள். மெஷின் பேசாமல் பிசைந்துகொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மெஷினைப் பார்த்தார். அம்மா பரபரக்காமல் திராட்சைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

பீப், பீப் என்றது மெஷின்.

"அது கூப்பிடறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருச்சே" என்றாள் பட்டாணி.

அம்மா மூடியைத் திறந்து திராட்சையைக் கொட்டிவிட்டுச் சொன்னார். "அது கத்தித்தான் சொல்லணும்னு இல்ல. அது எப்படி நடக்குதுன்னு கையால தொட்டுப் பாத்தாலே போதும்."

நீ தைத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு மெஷின் ஆட்டமும் கலந்துவிடாதா என்று அப்பா கேட்டார். தன் தையல் மெஷினின் நடை தூக்கத்தில்கூடத் தெரியும், இது வேறு நடை என்றார் அம்மா. ஆனாலும் நாளைக்குத் தனியாகச் செய்து பார்த்தால்தான் நிச்சயம் என்றும் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் பட்டாணி நடந்து வரவில்லை, பறந்து வந்தாள். மாடிப்படியின் பாதியிலேயே சூடான பிரெட் வாசனை வந்தது. ஆனால் வாசனையை நம்ப முடியாது. பட்டன் பிரெட்டும் நன்றாகத்தான் மணந்தது.

உள்ளே அம்மா கோட்டின் கடைசிப் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார். பலகையில் பிரெட் இருந்தது. முனையில் ஒரு பெரிய துண்டு வெட்டப்பட்டிருந்தது. அம்மா பட்டாணிக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பட்டாணி குனிந்து வெட்டிய பக்கத்தைப் பார்த்தாள். மேலே, கீழே, நடுவில், ஓரத்தில் என்று எங்கே பார்த்தாலும் திராட்சை, முழுசு முழுசாக. மாவு இருக்கிறதா என்று தேட வேண்டும் போலிருந்தது.

"இது யார் செஞ்ச பிரெட்?" என்று கேட்டாள்.

அம்மா ஊசியைக் கீழே வைத்தார். ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டார்.

பட்டாணி தடிமனாக ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா எழுந்துபோய் அடுத்த பிரெட்டுக்கு மாவை அளக்க ஆரம்பித்தார். மெஷினில் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடியும் தைக்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அது பிசையத் தொடங்கியது. பட்டாணி காதைத் தீட்டிக்கொள்ளவே இல்லை. நிதானமாக இரண்டாவது துண்டை வெட்டினாள்.