கியோத்தோவில் கட்டிப் போட்டிருக்கிறோம்!

போன் அலறியது.

திரையில் கணவனின் பெயர். வீடியோ அழைப்பு!

நாகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. நேற்றுக் காலையிலிருந்து மனுசனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தான் வேலை செய்யும் பாரிஸ் நகைக்கடையின் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்கோ, கியோத்தோக் குளிரிலை பொஞ்சாதியையும் மறந்து போ..."

பாதியில் நின்றது பேச்சு.

ஞானசுந்தரம் ஒரு நாற்காலியில் கட்டப்பட்டிருந்தான். வாயில் துணி. நெற்றியில் இரத்தம்!

அவன் முதுகுக்குப் பின்னால் இருட்டு. இருட்டின் முன்னால் மேப்பிள் கிளை ஒன்று. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு இலையும் செக்கச் செவேலென்று மெல்ல ஆடியது.

"ஐயோ...!"

"கத்தாதீங்க மதாம்." படத்தில் தெரியாத ஓர் ஆண்குரல். பாண்டிச்சேரிப் பேச்சு. "இங்க ராத்திரி. அக்கம்பக்கத்துல தூங்குறாங்க. இலை பாக்க வந்த உங்க வீட்டுக்காரரை நேத்துக் காலையில இருந்து நாங்கதான் கவனிச்சுக்கிறோம்."

"ஆர் நீங்கள்? அவர் ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவுற மனுசன்! அவரிட்டை என்ன கிடக்கு?"

"அவர்கிட்ட என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. உங்ககிட்டதான் சாவி இருக்கே!"

நாகேஸ்வரியின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

கடைச் சாவிக்கொத்து!

"பெட்டகத்துல இருக்குற தங்கம் மொத்தமும் ஒரு பையில. மூணு மணிக்குக் கார் து நோர் ஸ்டேஷன்ல, RER ரயிலுக்கு இறங்குற படிக்கட்டுக்குப் பக்கத்துல வைக்கிறீங்க. திரும்பிப் பாக்காமப் போறீங்க. அங்க நம்ம ஆள் நிப்பான். தக்கோர், சரிதானே?"

"பொலிசுக்குச் சொன்னனெண்டால்..."

"சொல்லுங்களேன்! பாரிஸ் போலீஸ் கியோத்தோவுக்கு வந்து சேர்றதுக்குள்ள இவர் இலையோட இலையா உதிர்ந்திருப்பார்!"

திரை கறுத்தது.

நாகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கியோத்தோ... கியோத்தோ... எத்தனை வருடமாக இதே புலம்பல்! கார்த்திகை மாதத்தில் அந்தப் பழைய நகரம் முழுக்கச் சிவக்குமாம். ஆயிரம் வருடக் கோயில்களின் கூரையில் இலை உதிருமாம். செத்தால் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாவானாம்!

'போய்ப் பாத்திட்டு வாங்கோ' என்று அனுப்பியவளே அவள்தான். கார் து நோரில் விமான நிலையம் போகும் RER ஏற்றிவிட்டுக் கை காட்டினாள். அன்றிலிருந்து ஒரு கிழமையாகப் படங்கள் வந்து விழுந்தன. கோயில், குளம், சிவப்புப் பாலம்...

"ஒரு படத்திலையும் உங்களைக் காணேல்லையே?" என்று கேட்டதற்கு, "படம் பிடிக்கிறவன் எப்பிடியடி படத்திலை வாறது?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை இனிக் கேட்பாளா?

மறுபடியும் போன்!

தூக்கிவாரிப் போட்டது. கடை முதலாளி தவரத்தினம். விசா அட்டை புதுப்பிக்கப் பொபினி அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்.

"பிள்ளை, பின்னேரம்தான் வருவன் போலை கிடக்கு. நாளையான் கலியாணத் தாலிக்கொடி பத்திரம்தானே?"

"ஓ... ஓம் முதலாளி."

"என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன்..."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி. உன்னட்டைச் சாவி இருக்கெண்டுதான் நான் நிம்மதியா இஞ்சை நிக்கிறன்!"

வைத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாமோ? சொன்னால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் புருசன் போவான். சொல்லாமல் எடுத்தால் நாளைக்கு ஒரு பெண்ணின் கழுத்து வெறுமையாக மணவறையில் இருக்கும். இவள் கைவிலங்கோடு இருப்பாள்!

'பிள்ளையாரே, என்ரை மனுசனைத் தா. என்னைச் சிறையிலை போட்டாலும் பரவாயில்லை.'

கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது.

நாத்தனார் சிவாஜினி! ஞானசுந்தரத்தின் ஒரே தங்கை. கையில் ஒரு கட்டுத் தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள்.

"மச்சாள்...! மார்க்கண்டுச் சித்தப்பா போட்டாரடி! விடியத்தான் ஆசுப்பத்திரியிலை முடிஞ்சது!"

நாகேஸ்வரி நடுங்கினாள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தவள்தான்.

"பாவம், நீயும் சித்தப்பாவிலை எவ்வளவு பாசம்!" என்று அவள் முதுகைத் தடவினாள் சிவாஜினி. "அச்சுக்கூடத்திலையிருந்து நேரை வாறன். முதல் நோட்டீஸ் உங்கடை கடைக்குத்தான். சொந்தக்காரருக்கே இனித்தான் போன் பண்ண வேணும்."

கதவுக் கண்ணாடியில் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டினாள். சால்வையோடு சிரிக்கும் மார்க்கண்டுவின் பெரிய படம். மேலே கொட்டை எழுத்தில் 'மரண அறிவித்தல்'. லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெருவில் யார் செத்தாலும் கடைக் கதவுகள்தான் முதலில் அழும்!

"ஒண்டு சொல்லுறன், கேள். அண்ணைக்கு மூச்சும் விட்டிடாதை. ஆசைப்பட்டுப் போன மனுசன். வந்தாப்போலை சொல்லுவம். இனி முப்பத்தொரு நாளும் எங்களுக்குச் செத்த வீட்டுத் துடக்கு. கோயில் பக்கம் போயிடாதை, என்ன?"

"ஓம்..."

"கொஞ்ச நோட்டீஸ் இதிலை வைக்கிறன். வாற சனத்துக்குக் குடு." மூக்கைத் துடைத்தாள். "சாப்பிட்டியே?"

"ஓம்..."

எதைக் கேட்டாலும் ஓம். 'உன்ரை அண்ணையை ஜப்பானிலை கட்டி வைச்சிருக்கிறாங்களடி!' என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் அலறியது. 

சிவாஜினி போனாள்.

போன் வந்தது!

"என்ன மதாம், பெட்டகம் தொறந்தாச்சா?"

"ஒருக்கா... ஒரேயொருக்கா அவரோடை கதைக்க விடுங்கோ! உயிரோடை இருக்கிறாரெண்டு தெரியாமல் நான் எப்பிடித் திறக்கிறது?"

 பிறகு ஒரு கை நீண்டு ஞானசுந்தரத்தின் வாய்த்துணியை இழுத்தது.

"நாகேசு...!"

"என்னங்கோ!"

"சொன்னதைச் செய், நாகேசு! இவங்கள் கொல்லுற சாதி. நேற்றையிலையிருந்து ஒரு வாய் தண்ணியில்லை. போனையும் பறிச்சிட்டாங்கள். உன்ரை குரலைத் தவிர உலகத்திலை ஒண்டும் எனக்குத் தெரியாது!"

அழுதான். அவளும் அழுதாள்.

"பயப்பிடாதேங்கோ! எல்லாம் எடுத்துக்கொண்டு வாறன். வழியிலை பிள்ளையார் கோயிலுக்கை ஓடிப்போய் உங்கடை பேரிலை ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு..."

"உனக்கென்ன விசரே? துடக்கோடை கோயிலுக்கை கால் வைக்கப்போறியே!"

"ஐயோ, ஓம்..." கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மறந்துபோனன்..."

திரை சட்டென்று கறுத்தது.

அவ்வளவுதான். இனி யோசிக்க நேரமில்லை!

பெட்டகத்தைத் திறந்தாள்.  காப்பு, பதக்கம், அட்டியல்... கடைசியாகச் சிவப்புப் பெட்டியில் அந்தத் தாலிக்கொடி. அதை எடுக்கும்போது தன் தாலி நெஞ்சில் குத்துவது போலிருந்தது.

'ஆரெண்டு தெரியாத பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்.'

பையை மூடினாள். வெளியே வந்தாள். கதவைப் பூட்டக் குனிந்தாள்.

முகத்துக்கு நேரே மார்க்கண்டுச் சித்தப்பா!

சிரித்துக்கொண்டிருந்தார்.

நாகேஸ்வரியின் கையில் சாவி அப்படியே நின்றது.

துடக்கு...

துடக்கென்று மனுசனுக்கு யார் சொன்னது?

சித்தப்பா செத்தது இன்றைக்கு விடிய. மனுசன் பிடிபட்டது நேற்றுக் காலை. கையில் போனில்லை. உலகத்தில் ஒன்றும் தெரியாது என்று அவன்தானே அழுதான்!

சிவாஜினியை அழைத்தாள்.

"மச்சாள், அவருக்குச் சொன்னியே?"

"உனக்கென்னடி விசரே? சொல்லாதை எண்டு சொன்னதே நான்! நேற்று நான் எடுக்கேக்கையே அண்ணையின்ரை போன் நிப்பாட்டிக் கிடந்தது."

"வேறை ஆரும்?"

"ஒருத்தருக்கும் இன்னும் நம்பர் போடேல்லை. வேறை கடையிலை நோட்டீஸும் ஒட்டேல்லை. உங்கடை கதவிலைதான் முதல்... ஏனடி?"

நாகேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

உலகத்திலேயே ஒரே ஒரு நோட்டீஸ். இந்தக் கதவில். தெருவைப் பார்த்தபடி!

அப்படியென்றால் இதைப் பார்த்தவன்...

திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. சித்தப்பாவின் சால்வைக்கு மேலே, கதவுக் கண்ணாடியில், எதிர்க் கட்டிடம் பளிச்சென்று விழுந்திருந்தது. முதல் மாடி, உடுப்புக் காயுது. இரண்டாம் மாடி, பூச்சாடி.

மூன்றாம் மாடி...

ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி!

பட்டப்பகலில் இருட்டு யாருக்கு வேண்டும்?

துணியின் ஒரு மூலை விலகியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கண். கண்ணுக்குப் பக்கத்தில், துணியில் சிக்கிக்கொண்டு... ஒரு சிவப்பு இலை!

வந்தது அழுகையா, சிரிப்பா, அவளுக்கே தெரியவில்லை.

அவள் யாருக்காகச் சிறைக்குப் போகத் துணிந்தாளோ, அவன் எதிர் மாடியில் நின்று அவளை வேடிக்கை பார்க்கிறான்!

நாகேஸ்வரி எதையோ மறந்தவள் போல நெற்றியில் தட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து மறுபடி உள்ளே போனாள். ஜன்னலுக்குத் தெரியாத மூலை. தங்கம் முழுவதும் பெட்டகத்துக்குத் திரும்பியது.

பிறகு 17-ஐ அழுத்தினாள்.

"அலோ, பொலிஸ்? என்ரை புருசனைக் கடத்திப்போட்டினம்" என்று தன் கடைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"எங்கே, மதாம்?"

"கியோத்தோவிலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம். மூண்டாம் மாடி!"

பொலிசுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நேரமே எடுக்கவில்லை.

பொலிஸ் சொன்னபடியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மேலே பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை.

கார் து நோர். சூட்கேஸ்களின் சத்தம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பையை வைத்தாள். திரும்பாமல் நடந்தாள்.

நீலக் கோட்டுக்காரன் ஒருவன் பையைத் தூக்கினான். அடுத்த வினாடி இரண்டு பயணிகள் அவன் கையை முறுக்கினார்கள். பயணிகள் இல்லை... பொலிஸ்!

"நான் ஒண்ணும் பண்ணல மெசியே! யாரோ வச்சிட்டுப் போன பை!" பாண்டிச்சேரிக் குரல் கீச்சிட்டது.

பையைத் திறந்தார்கள்.

உள்ளே வெறும் நகைப் பெட்டிகள். அதற்கு மேல் ஒரு கட்டு நோட்டீஸ். எல்லாவற்றிலும் மார்க்கண்டுச் சித்தப்பா சிரித்தார்.

"நானில்ல! எல்லாம் அந்த ஞானசுந்தரம் போட்ட ப்ளான்!" என்று எமில் கதறத் தொடங்கினான். அதுதான் அவன் பெயர். ஞானசுந்தரத்தோடு கோப்பை கழுவியவன்.

நாகேஸ்வரி தெருவுக்குத் திரும்பியபோது மூன்றாம் மாடிக் கதவு உடைந்து கிடந்தது. பொலிஸ்காரி அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நாற்காலி. கயிறு. மேசை விளக்கு. இலையை ஆட்ட ஒரு சின்ன மின்விசிறி. பிளாஸ்டிக் மேப்பிள் கிளை ஒன்று, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல். பாதி தின்ற கொத்துரொட்டி. அதற்குத் தொட்ட தக்காளி சோஸ்தான் நெற்றியில் இரத்தம்!

நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து நடுப்பகலை ராத்திரியாக்கியவன். இலையை ஆட்டக் காற்றுக்கூட வைத்தவன். எல்லாம் சரியாகச் செய்தவன், சின்ன வயதிலிருந்து இரத்தத்தில் ஊறிய துடக்கை மட்டும் அடக்க முடியாமல் வாய்விட்டு மாட்டிக்கொண்டான்!

மூலையில் பிடித்து நிறுத்தியிருந்த அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு விமான டிக்கெட் எடுத்தார்கள். நாளைக்கு. ஜப்பானுக்கு. இந்த முறை உண்மையான கியோத்தோ!

நாகேஸ்வரி வாங்கிப் பார்த்தாள்.

ஒரு பேர். ஒருவழி.

"எனக்கு?" என்று கேட்டாள். மிக மெதுவாக. "நாளைக்கு நான் எங்கை இருந்திருப்பன்?"

ஞானசுந்தரம் தலையைக் குனிந்தான்.

"பிறகு... உன்னையும் கூப்பிட்டிருப்பன், நாகேசு..."

"சிறைக்குப் போன் பண்ணியே?"



அவள் டிக்கெட்டைப் பொலிஸ்காரியிடம் திருப்பிக் கொடுத்தாள். 

அவனை விலங்கோடு படியிறக்கினார்கள். தெருவில் சனம் கூடிவிட்டது. கடை வாசலில், பொபினியிலிருந்து வந்திறங்கிய தவரத்தினம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பொலிஸ் வண்டிக் கதவு மூடும்போது ஞானசுந்தரம் கடைசியாகக் கதறினான்.

"நாகேசு! எனக்கு ஒருத்தருமில்லையடி! என்ரை பேரிலை பிள்ளையாருக்கு ஒரு தேங்காயாவது உடை!"

நாகேஸ்வரி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உடைக்கலாம்... ஆனால் துடக்கெல்லே! முப்பத்தொரு நாளும் உள்ளை இருங்கோ, பிறகு யோசிப்பம்!"