எடுக்காத ஊசி

கை நகர்ந்த பிறகுதான் பாட்டு மாற வேண்டும். அன்று பாட்டு மாறிய பிறகுதான் கிம்மோவின் கை நகர்ந்தது.

இமைக்கிற நேரம்தான் வித்தியாசம். வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். இசைத்தட்டு சுழலும் இரண்டு டர்ன்டேபிளுக்கு நடுவே பாட்டுகளைக் கலக்கும் மிக்சர், மிக்சரிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்கு, லேப்டாப்பிலிருந்து அவன் காதுக்கு ஹெட்போன். இப்படிச் சுற்றி வருகிற சத்தம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிற டிஜேக்கள் எல்லாரும் திட்டிக்கொண்டே பழகிப்போன தாமதம் அது. முந்தி வந்து எவனும் கேட்டதில்லை. வயரைக் கழற்றி மாட்டினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். மறுபடியும் சத்தம் முந்திக்கொண்டது.

சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. வடதுருவத்தை ஒட்டிய கெமி ஊரில் டிசம்பரில் மத்தியானமே இருட்டிவிடும். அவன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஹோட்டல் டிஸ்கோவை இழுத்து மூடிய பிறகு கிம்மோவுக்கு அந்த இருட்டில் செய்வதற்கு இருந்தது இது ஒன்றுதான்: காய்ந்த கம்பளிக் காலுறையும் தீய்ந்த காப்பியும் சூடேறிய ஆம்ப்ளிஃபையர் தூசியும் சேர்ந்து மணக்கிற அறையில் நின்றபடி, பாட்டோடு பாட்டைக் கோத்துப் பதிவு செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது. கேட்டவர் ஒருவர் என்று காட்டும். அந்த ஒருவர் அவனேதான்.

முதலில் அவனுக்கு இது பிடித்தும் இருந்தது. தாளம் முன்கூட்டியே காதில் விழுந்ததால் பாட்டுகள் வெண்ணெயாகக் கலந்தன. பிறகு ஒரு நாள் ஊசி எகிறிக் கீச்சிட்டது ஹெட்போனில் கேட்டது. தட்டைப் பார்த்தான். ஊசி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடக்க விடக்கூடாது என்று பதறி விலகியபோது முழங்கை மேசையில் இடித்தது. ஊசி எகிறிக் கீச்சிட்டது. அன்று வெகுநேரம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த பதிவை நிறுத்தியபோது, அவன் பாட்டுப் போட்ட நேரத்தைவிடப் பதிவு பல மடங்கு நீளமாக இருந்தது. லேப்டாப் திரையில் பாட்டுகளின் ஒலிக்கோடுகள் அடர்ந்த காடாகத் தெரிந்தன. கடைசிப் பாட்டுக்குப் பிறகு காடு இல்லை. ஒரே இடைவெளியில் ஒல்லிக் கோடுகள், சீப்பின் பற்களைப் போல. கேட்டான்.

டக். டக். டக்.

பாட்டு முடிந்து, கடைசி வளையத்தில் ஊசி சுற்றுகிற சத்தம். எந்த டிஜேயும் அதை இரண்டு சுற்றுகூட விடமாட்டான், கை தானாகப் போய் ஊசியை எடுத்துவிடும். இதில் எடுக்கவில்லை. கிம்மோ திரையைத் தள்ளினான். பற்கள். இன்னும் தள்ளினான். பற்கள். யாராவது வந்து எடுத்திருப்பார்கள், எங்காவது ஒரு கரகரப்பு இருக்கும் என்று தேடினான். வாசல் மணி அடித்ததா, யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா என்றெல்லாம் அதில் கேட்காது. அந்த வயருக்கு ஊசி தொட்டது மட்டும்தான் தெரியும். நாட்கணக்காக ஓடிய பிறகு பற்கள் விலகின. மெதுவாக, இன்னும் மெதுவாக. நின்றன. பில் கட்டாமல் கரண்டை வெட்டினால்தான் தட்டு அப்படி நிற்கும். கை எதுவும் வரவில்லை.

தன் சாவைத்தான் முன்கூட்டிக் கேட்கிறோம் என்று புரிந்தது; அந்தச் சாவுகூட அவனை அவ்வளவு பயமுறுத்தவில்லை. அத்தனை நாள் யாருமே வராததுதான் பயமுறுத்தியது.

ரோவனியேமியில் இருக்கும் அக்கா மெர்யாவைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, இந்த வாரம் ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

"என்னடா அதிசயமா இருக்கு? நான் வந்தாலே, ஜன்னலைத் தொற, சட்டையைத் தோய்னு உயிரை எடுக்கறேன்னு சொல்லுவியே."

"எடு. வந்து எடு."

அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வருவதாகவும், மீன் சூப் வைத்துத் தருவதாகவும் சொன்னாள்.

அதுவரை கிம்மோ ஊசியைத் தொடவில்லை. சனிக்கிழமை தரையைத் துடைத்தான், ஏலக்காய் ரொட்டி வாங்கி வைத்தான். கிளம்பிவிட்டதாக அவளிடமிருந்து செய்தி வந்ததும் மனசு லேசாகிவிட்டது. இனி என்ன? ஊசியை எடுக்க ஒரு கை வந்துகொண்டிருக்கிறது. அவள் உள்ளே நுழையும்போது ஹோட்டல் நாட்களில் அவள் ஆடிய பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று தட்டை எடுத்துப் போட்டான். பழக்கதோஷத்தில் பதிவையும் அழுத்தினான்.

சத்தம் முந்தவில்லை. அறையிலும் காதிலும் ஒரே நேரத்தில் தாளம் விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று கிம்மோ வாய்விட்டுச் சிரித்தான், தனியாக இரண்டு அடி ஆடவும் செய்தான்.

போன் மினுங்கியது. 'ரோட்டுல லாரி கவுந்து கெடக்குடா. பனி வேற கொட்டுது. திரும்பிட்டேன். புது வருஷத்துக்கு வர்றேன், கோவிச்சுக்காத.'

படித்து முடித்தபோதுதான் புரிந்தது. சத்தம் சரியாகவில்லை. முந்தி ஓடிய சத்தத்தை, அது காட்டிய நாளிலேயே, அவன்தான் எட்டிப் பிடித்துவிட்டான்.

பாட்டின் கடைசித் தாளம் தேய்ந்தது.

ஊசியை எடுக்கக் கையை நீட்டினான்.

கை எழவில்லை.

மறு கையும் எழவில்லை. முழங்கால் மடங்கியது. கன்னத்தில் ஈரத் தரை. சோப்பு வாசனை. அக்கா என்று கூப்பிட நினைத்தான், நாக்கு புரளவில்லை. போன் மேசைமேல் ஒருமுறை மினுங்கி அணைந்தது.

டக்.

முக்காலிமேல் லேப்டாப் அவன் பக்கமாகவே திரும்பியிருந்தது. திரையில் ஒரு பல்.

டக்.

அடுத்த பல்.