உள்ளே இருப்பவர் யாரானாலும்

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை. நடையில் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் காயட்டும் என்று கையைக் காட்டினார். அக்கா நின்றாள். தங்கையும் நின்றாள். அப்படியே விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்வரை அதே இடத்தில்தான் நின்றிருப்பாள்.

அக்காவுக்கு அந்த இடம் புதிதல்ல. நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவள் வேலை. வார்டு முழுக்க அவளுக்குத் 'தூக்க டாக்டர்' என்று பெயர். அவளோ ஒழுங்காகத் தூங்கி வருஷக்கணக்காகிறது என்பது வேறு விஷயம்.

காரணம் தங்கை. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னு. ஒரு காலத்தில் சரியான வாயாடி. தப்பு அவள் பக்கமே இருந்தாலும் மன்னிப்பு என்ற பேச்சே கிடையாது. இடது கைக்காரி வேறு. சாப்பாட்டு மேசையில் அவளுடைய முழங்கை அக்காவின் முழங்கையில் இடிக்காத நாளே கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் பேச்சைக் குறைத்தாள். அடுத்த மழைக்குள் அடியோடு நிறுத்திவிட்டாள். மாத்திரைகள் எதுவும் பலிக்கவில்லை. அம்மா ஊட்டினால் விழுங்கிக்கொண்டிருந்தவள், இப்போது விழுங்குவதையும் மறக்க ஆரம்பித்திருந்தாள். இப்படியே போனால் கைவிட்டுப் போய்விடுவாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

சொந்த ரத்தத்துக்கு டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பதில்லை. சிகிச்சைப் பிரிவை நடத்திய பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவள் அனுமதி வாங்கினாள்.

அந்த அறையில் நடப்பது மின் அதிர்ச்சி சிகிச்சை. சினிமாவில் காட்டுவதுபோல் யாரையும் கட்டிப்போட மாட்டார்கள். மயக்க மருந்து ஏறும். பிறகு தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறும். உடம்பில் ஒரு நரம்புகூட அசையாது. மூச்சைக்கூட தலைமை நர்ஸ்தான் ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் நெற்றியில் கொஞ்சம் மின்சாரம்.

அதோடு ஒரு ஆராய்ச்சியையும் பேராசிரியர் சேர்த்து வைத்திருந்தார். தளர்த்தும் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை நோயாளியின் வலது கையில் இறுகக் கட்டிவிடுவார்கள். இடது கையில் மருந்து ஏறும் ஊசி இருப்பதால் பட்டைக்கு எப்போதும் வலது கைதான். மருந்து அந்தக் கைக்குள் போகாது. உடம்பு முழுவதும் கல்லாகிக் கிடக்க, அந்த ஒரு கை மட்டும் அசையக்கூடியதாக இருக்கும். தூக்க டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்:

"உள்ள இருக்கறவங்க யாரா இருந்தாலும், நான் சொல்றது கேட்டா என் கைய அழுத்துங்க."

பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. சொந்தப் பெயரைக் கேட்டால் மூளை தூக்கத்திலும் துள்ளும். அது வெறும் பழக்கமா, நிஜமான உணர்வா என்று பிரிக்க முடியாது. ஆகவே அந்த அறையில் யாருக்கும் பெயர் இல்லை.

"உணர்வுன்னா என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாதும்மா," என்பார் அவர். "ஒரு வீட்டுல விளக்கு எரியுதான்னு தெருவுல நின்னு பாக்கறோம். அவ்வளவுதான் நம்மால முடியும்."

பெரும்பாலான கைகள் பேசாமல் கிடந்தன. சில அழுத்தின.

அழுத்திய கைகளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு முறை அழுத்தியதும் கட்டைவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து, அவளுடைய விரல் முட்டியைத் தேய்த்துக் கொடுக்கும். கிழவர் கையானாலும் அப்படித்தான், கல்லூரிப் பெண்ணின் கையானாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசம் லேசாக வரும்.

"எல்லாருக்கும் ஒரே கை மாதிரி இருக்கு டாக்டர்," என்றாள் தலைமை நர்ஸ் ஒருநாள், பையை அமுக்கிக்கொண்டே. சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் சொன்னவளும் சிரிக்கவில்லை.

கை அழுத்தியவர்கள் எல்லோரும் குணமானார்கள். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்கா தன் தங்கையை அழைத்து வந்தாள்.

சின்னுவின் வலது கையைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டாள். முதல் தடவை பதில் இல்லை. அடுத்த வாரம், கை அழுத்தியது. கட்டைவிரல் தேய்த்துக் கொடுத்தது. அக்கா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். மெழுகுவத்தி வாசத்தை அன்று அவள் கண்டுகொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு வீடு மாறிப்போனது. சின்னு எழுந்தாள், குளித்தாள், பசிக்கிறது என்றாள். அம்மா அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சின்னு பொறுமையாகக் கண்ணைத் துடைத்துவிட்டு, "இனிமே நான் எங்கயும் போக மாட்டேம்மா," என்றாள்.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. பாதிச் சாப்பாட்டில்தான் என்னவென்று பிடிபட்டது.

முழங்கை இடிக்கவில்லை.

சின்னு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது.

"எப்பலேர்ந்து வலது கை?"

சின்னு நிமிர்ந்து அழகாகச் சிரித்தாள். "எப்பவும் இப்படித்தானே அக்கா?"

"வாயத் திறந்து பேசறாளே, அது போதும். எந்தக் கையா இருந்தா என்ன?" என்றாள் அம்மா.

அந்த வாரம், முன்பே குணமாகிப் போனவர்கள் சிலர் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். நன்றி சொல்லி ஒவ்வொருவராகத் தூக்க டாக்டரின் கையைப் பிடித்தார்கள். கிழவர் பிடித்தார். கல்லூரிப் பெண் பிடித்தாள். ஒவ்வொருவர் கட்டைவிரலும் அவள் விரல் முட்டியை மெல்லத் தேய்த்துவிட்டு விலகியது.

அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், விளக்கு எரிஞ்சா உள்ள வீட்டுக்காரங்கதான் இருக்காங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது தத்துவக் கேள்விம்மா. எரியுதான்னு பாக்கறது மட்டும்தான் நம்ம வேலை."

"நாம பேர் சொல்லிக் கூப்பிடல சார். யாரா இருந்தாலும்னு கூப்பிட்டோம்."

"அதனால?"

"யாரோ வந்துட்டாங்க."

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். நோயாளிகளைப் பார்க்கும் பார்வை அது.

சின்னுவுக்கு ஒரு சிகிச்சை மிச்சமிருந்தது. அன்று அக்கா மருந்து ஊசியை வலது கையில் குத்தினாள். பட்டையை இடது கையில் கட்டினாள்.

"என்னம்மா இது, பக்கம் மாறியிருக்கு?" என்றார் பேராசிரியர்.

"இந்த ஒரு தடவை மட்டும் சார்."

மருந்துகள் ஏறின. சின்னுவின் முகம் தளர்ந்தது, மூச்சு நின்றது. தலைமை நர்ஸ் பையை அமுக்கினாள். அறையில் அந்தப் பையின் பெருமூச்சு மட்டும் கேட்டது.

அக்கா இடது கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கட்டளையை மீறினாள்.

"சின்னு. நான்தான்டி. அக்கா."

ஒன்றும் இல்லை.

"சின்னு, உள்ள இருக்கியா?"

இடது கை அவள் விரல்களைப் பாய்ந்து பற்றியது.

தடவலெல்லாம் இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவள் பிடிக்கும் பிடி. நகங்கள் சதையில் இறங்கின. விடவில்லை. அக்காவுக்குக் கண்ணீர் வந்தது, வலியால் மட்டுமல்ல. இத்தனை நாளும் இவள் இங்கேதான் இருந்திருக்கிறாள், அவர்கள் தப்பான கையைப் பிடித்துக் குலாவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"விட மாட்டேன்டி. பயப்படாத."

அப்போது மெழுகுவத்தி வாசம் வந்தது.

வலது கை அசைந்தது.

பட்டை கட்டாத கை. மருந்து முழுவதும் ஏறிய கை. தானாக மூச்சுகூட விட முடியாத உடம்பின் கை அது. விரல்கள் விரிப்பின்மேல் ஊர்ந்தன. மார்பைக் கடந்து இந்தப் பக்கம் வந்தன. ஊசிக் குழாய் இழுபட்டு ஆடியது.

"டாக்டர்..." என்றாள் நர்ஸ் கிசுகிசுப்பாக. ஆனால் பையை அமுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

வலது கை அவசரப்படவில்லை. இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக, பிடிவாதம் பிடிக்கும் குழந்தையின் விரல்களைப் பிரிப்பதுபோல, அக்காவின் கையிலிருந்து பிரித்தெடுத்தது. சுண்டுவிரல் கடைசிவரை விடவில்லை. அதையும் பிரித்தது. பிறகு அக்காவின் விரல் முட்டியை மெல்லத் தேய்த்துக் கொடுத்தது.

"மருந்து சரியா ஏறல போலிருக்கு," என்றார் பேராசிரியர். அவர் நெற்றி முழுக்க வியர்வை.

"கரண்ட் வேண்டாம் சார். நிறுத்துங்க. தயவு செஞ்சு."

அன்றோடு நிறுத்தினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதையும் பேராசிரியர் சத்தமில்லாமல் கைவிட்டார். கண் விழித்த சின்னு, "ஏன் அக்கா அழற?" என்று அன்பாக விசாரித்தாள்.

வீட்டில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சின்னு அம்மாவுக்குக் கூடமாட உதவினாள், பக்கத்து வீட்டாரோடு சிரித்துப் பேசினாள். இடது கை மட்டும் துவண்டு கிடந்தது. நரம்பு டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்றார்.

அக்கா வேலை முடிந்து வந்ததும் தங்கையின் இடப் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். சின்னு தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா அந்த இடது கையை எடுத்து மூடிக்கொண்டு, உதடு அசையாமல் பெயரைச் சொல்வாள். கை அழுத்தும். தினமும் அழுத்தியது. நாளாக ஆக அதில் பலம் குறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் இருக்கேன்டி, இருக்கேன்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் முழங்கையில் ஏதோ இடித்தது.

திரும்பினாள். சின்னு இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. பழைய சின்னுவேதான்.

"பாத்தியா!" என்று அம்மா கூவினாள். "கை சரியாயிடுச்சு! பழையபடி ஆயிட்டா!"

சின்னு ஜெயித்துவிட்டாள், திரும்பி வந்துவிட்டாள் என்று அக்கா நினைத்தாள். சின்னு கரண்டியை வைத்துவிட்டுக் கையை மடிக்கு இறக்கியதும், மேசைக்குக் கீழே அதைத் தாவிப் பிடித்தாள்.

"சின்னு?"

"இடிச்சுட்டேனா? மன்னிச்சுக்கோ அக்கா," என்றாள் தங்கை.

இடது கை ஒரு முறை அழுத்தியது. பிறகு கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, அவளுடைய விரல் முட்டியைத் தேய்த்துக் கொடுத்தது.