பின்னால் நகர்ந்த சீட்

அச்சரப்பாக்கத்தில் கிளம்பும்போதே துர்காதேவி உஷாராகியிருக்க வேண்டும். அவள் ஏறி உட்கார்ந்ததுமே டிரைவர் சீட் தானாகப் பின்னால் நகர்ந்து, பிரேக்குக்குக் கால் எட்டாத தூரத்தில் போய் நின்றது. அது புருஷன் ஜெகதீசனின் அளவு. ஆறடி ஆள். மார்வலியில் விழுந்து செத்துப் பதினெட்டு நாளாகிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த திவ்யா, சீட் தன் பக்கம் வருவதைப் பார்த்ததும், அப்பா ஏறும்போதெல்லாம் செய்கிற மாதிரி காலிரண்டையும் மடக்கி இடம் விட்டாள். ஆறு வயதுப் பிள்ளை, பழக்க தோஷம். சனியன், மழையில் ஏதோ ஒயர் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

காரியத்தன்று கடலில் விட மறந்துபோன மூட்டை ஒன்று வீட்டிலேயே கிடந்தது. விழுந்த அன்று அவன் போட்டிருந்த சட்டையும் பேன்ட்டும். அது மூலையில் இருக்கும்வரை அவளால் கண்ணை மூட முடியவில்லை. "மூட்டைக்குள்ள கை வுடாத. கடல்ல வுட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துரு, இன்னா?" என்று நாத்தனார் ஞானம்மாள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மாமல்லபுரம் தாண்டிச் சவுக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தியபோது சாயங்காலம் ஐந்து மணி. மழை விட்டிருந்தது, ஆனால் சவுக்கு ஊசிகளிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. கருவாட்டு வாடையும் ஈர மணலின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. பின்சீட்டில் திவ்யா தூங்கிப்போயிருந்தாள். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, அலை வரைக்கும் நடந்து மூட்டையை விட்டாள். திரும்பிப் பார்க்காமல்தான் வந்தாள்.

வண்டி கிளம்பவில்லை.

'சாவி இல்லை' என்றது திரை. சாவி அவள் கையில்தான் இருந்தது. ஸ்டார்ட் பட்டனை நான்கு தரம் அழுத்தியும் அதே எழுத்து. திருக்கழுக்குன்றத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஸ்டான்லியைக் கூப்பிட்டாள்.

"கீய ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வச்சிகினு அமுக்குக்கா."

"அமுக்கிட்டம்பா. ஒண்ணும் ஆவல."

"கீ தண்ணில எதுனா வுழுந்துச்சா?"

போன வாரம் துணியோடு வாளியில் ஒரு ராத்திரி முழுக்க ஊறியது நினைவுக்கு வந்தது. சொன்னாள்.

"அப்ப அன்னிக்கே அது போயிருக்கும்க்கா. இன்னிக்கு எப்டி வண்டி எடுத்த?" ஸ்டான்லி கொஞ்சம் யோசித்தான். "அண்ணன் கீ வண்டில இருந்துருக்கும். அது கிட்ட வந்தா சீட்டு கூட அவரு அளவுக்குப் போவுமே. நல்லா தேடிப் பாரு."

அவன் சாவி எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். அச்சரப்பாக்கத்திலிருந்து வழி நெடுக அது பக்கத்து சீட்டில், மூட்டைக்குள், அவளோடு வந்திருக்கிறது.

"அது போயிடுச்சி ஸ்டான்லி."

"எங்க போச்சி?"

அவள் கையிலிருந்த சாவியைப் பட்டன் மேல் வைத்து மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

"சரி வுடு. நான் கயிறு எடுத்துகினு வரேன். லொகேஷன் அனுப்பு."

வண்டிக்குள் நெட் கிடைக்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் பத்தடி நடந்தாள். திவ்யாவுக்கு முழிப்பு வந்தால் பயந்துவிடுமே என்ற நினைப்பு வேறு. "எம்பொண்ணு ஏறாம நான் வண்டிய நவுத்தவே மாட்டேன்" என்று ஜெகதீசன் தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் சொல்வது, எதற்கென்றே தெரியாமல், இப்போது ஞாபகத்துக்கு வந்தது. லொகேஷன் போய்ச் சேர்ந்தது.

பின்னால் 'டிங்' என்றது.

சாவி வண்டிக்குப் பக்கத்தில் வந்தால் கேட்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தாள்.

யாருமில்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் விரிந்தன. திறந்திருந்த டிரைவர் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. குழந்தை தூங்கும்போது ஜெகதீசன் சாத்துகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

டக். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

ஓடினாள். கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. செத்த சாவியை அழுத்தினாள். அழுத்தினாள். கண்ணாடி இடுக்கு வழியே உப்புத் தண்ணீரில் ஊறின துணியின் வாடை.

"திவ்யா! ஏந்திரிம்மா! கதவத் தொற!"

இன்ஜின் கிளம்பியது.

உள்ளே டிரைவர் சீட் நகர ஆரம்பித்தது. பின்னால். இன்னும் பின்னால். முழுசாக.

திவ்யா கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி இடம் விட்டாள்.