சைக்ளோனின் பிடி

ஆலையில் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் கூம்புக்குள் மணல் சுற்றினால் சர்ரென்று ஒரே சீராகக் கேட்கும்; அன்று மத்தியானம் அது விட்டுவிட்டு, வெறுங்காலோடு யாரோ ஓடுவதைப் போலக் கேட்டது.

"அண்ணே, உள்ள ஏதோ ஓடுது," என்றான் ஃபிட்டர்.

"கல்லா இருக்கும். நீ போய்ச் சாப்பிடு," என்றார் ஆபரேட்டர். கல் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

காய்ச்சலில் போன தன் மகளின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெற்ற மனம் பித்து; கேட்கவில்லை. மணல் போடும் வாய் வழியாக, யாருக்கும் தெரியாமல், ரியாக்டர் உலைக்குள் கொட்டிவிட்டார். அங்கே அடியிலிருந்து ஊதும் காற்றில் சூட்டு மணல் கஞ்சி போலக் கொதித்துப் புரண்டுகொண்டே இருக்கும். காற்றோடு மேலே பறக்கும் தூளை உச்சியிலுள்ள சைக்ளோன் சுழற்றிச் சுவரில் ஒதுக்கி, நீளக் குழாய் வழியே மறுபடி மணலுக்குள்ளேயே இறக்கிவிடும். வாயு மட்டும் வெளியேறும். தூள் போகாது. அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே சுற்றிச் சுற்றி ஓடும் சத்தம், அப்புறம் குழாயில் சறுக்கி வரும் சத்தம். பூங்காவில் சறுக்குமரத்தை விட்டு வரவே மாட்டாளே. தினமும் குழாயின் தகட்டுறையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

இன்று காலடி தள்ளாடியது. விழுந்தது. எழுந்து மறுபடி ஓடியது.

"அப்பா, கால் வலிக்குதுப்பா. போதும்ப்பா."

அவருக்கு நெஞ்சு உடைந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். குழாயின் கீழ்வாய் மணலில் புதைந்திருக்கும் வரைதான் சைக்ளோனுக்குப் பிடி. மணல் இறங்கி வாய் வெளியே தெரிந்தால், காற்று அதற்குள்ளேயே ஏறி, எல்லாத் தூளையும் புகைபோக்கிக்குத் தள்ளிவிடும். அடி வால்வைத் திறந்து மணலை வடித்தார்.

"போ கண்ணு. அப்பா இனிமே பிடிச்சு வைக்கல."

ஓட்டம் நின்றது.

வெளியே ஓடினார். புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பியது மேலே போகவில்லை. முற்றத்தில் தாழ இறங்கி அவர் முகத்தைத் தொட்டது. இளஞ்சூடு. விலகி நின்றிருந்தால் கடந்து போயிருக்கும்.

விலக முடியவில்லை.

வாயைத் திறந்தார். மூச்சை இழுத்தார். மூடிக்கொண்டார்.

அமைதி.

பிறகு, நெஞ்சுக்குள்ளே, சின்னக் கைகள் ஒரு விலா எலும்பைப் பற்றின. அடுத்ததைப் பற்றின. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொண்டையை நோக்கி ஏறின.

அவர் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.