கண்ணாடிக்கு அடியில்

‘ஸ்கேனர் எதுவும் இல்லை’ என்று லேப்டாப் சொன்ன அதே நேரத்தில், மேசையிலிருந்த ஸ்கேனரின் மூடி இடுக்கில் பச்சை வெளிச்சம் ஒன்று மெதுவாக நகர்ந்துபோனது.

சுகப்பிரியா கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். காலையில் லினக்ஸ் அப்டேட் ஆனதிலிருந்து இப்படித்தான். கம்பெனி வேலை தேடி மண்ணூருக்கு வரும் பையன்களின் சான்றிதழ்களை இந்த ஒற்றை அறையிலிருந்துதான் அவள் ஸ்கேன் செய்து அனுப்புவாள். கணவன் இசக்கிபாண்டி ஷிப்டுக்குக் கிளம்பும்போதே சிரித்தான்.

“நீ நோண்டாத புள்ள, வந்து பாக்கேன். போன தடவ நீ சரி பண்ணதுல பாட்டே கேக்காமப் போச்சு.”

மதியத்துக்குமேல் அவள் நோண்டினாள். இணையத்தில் யாரோ எழுதியிருந்தபடி, கட்டளைக்கு முன்னால் முழு அதிகாரம் தரும் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்த்ததும் ஸ்கேனர் அகப்பட்டது. வெறும் கண்ணாடியை ஸ்கேன் செய்து பார்த்தாள். லாரிகளின் இரைச்சல் சன்னல் கம்பிகளை அதிரவைக்க, சூடான பிளாஸ்டிக் வாடையோடு மெஷின் ஆயில் வாடையும் அறையில் பரவ, திரையில் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. வெள்ளையாக வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். அதில் ஓர் உள்ளங்கை. மோதிர விரலில் நுனிக் கணு இல்லை. போன வருடம் கம்பெனி பிரஸ் மெஷின் இசக்கிபாண்டியிடமிருந்து எடுத்துக்கொண்ட கணு.

அவனை அழைத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. ஷிப்டு முடியும்வரை அது கம்பெனி கேட் லாக்கரில்தான் கிடக்கும். செக்யூரிட்டி புருஷோத்தமனை அழைத்தாள்.

“இன்னாமா, வூட்டுக்காரர் மேல அம்மாம் பாசமா? அவரு அப்பவே பூட்டாரே.”

“எங்க போனாவ அண்ணாச்சி?”

“வூட்ல கூப்புடுறாங்கன்னு சொல்லிக்கினே போனாரு. போனக்கூட எடுக்கல. கத்திப் பாத்தேன், திரும்பல.”

“நான் கூப்பிடலியே.”

“நீதான் கூப்ட்டன்னாரு, பேரச் சொல்லி” என்றான் புருஷோத்தமன்.

வெளிச்சம் மறுபடி நகரத் தொடங்கியது.

கேபிளைப் பிடுங்கினாள். பவரையும். நிற்கவில்லை.

மூடியைத் தூக்கினாள்.

கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுப் பட்டதுபோல் பனித்திருந்தது. அதன்மேல் கன்னம் அழுந்த, நான்கு விரல் உயரம்கூட இல்லாத அந்தப் பெட்டிக்குள் இசக்கிபாண்டி. வாய் அசைந்தது. சத்தமில்லை. அவள் நகங்களைக் கண்ணாடி விளிம்பில் விட்டு இழுத்தாள். அசையவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. நகரும் வெளிச்சத்தையே கண்களால் துரத்திக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் மறுமுனையைத் தொட்டது.

அணைந்தது.

இருட்டுக்குள்ளிருந்து அவன் தட்டத் தொடங்கினான்.